வீட்டுச் சிஎன்சிக்கு மோட்டரும் டிரைவரும் வாங்குமுன்

சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினி சொல்லும் பாதையில் கட்டரை ஓட்டி மரம் வெட்டும் இயந்திரம், ஒன்றைத் தானே கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது இதுதான்: "மோட்டர் நீமா 23 போடவா, 34 போடவா?" நீமா என்பது மோட்டரின் அளவுக் குறி. கேள்வியில் பிழையில்லை, கேட்கும் நேரம்தான் பிழை. எதை வெட்டப் போகிறீர்கள், எவ்வளவு வேகத்தில், எந்த ஸ்க்ரூவில் என்ற மூன்றும் தெரிந்தால் மோட்டர் தன்பாட்டில் முடிவாகிவிடும். மோட்டர் தெரிந்தால் அதற்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவர், டிரைவர் தெரிந்தால் பவர் சப்ளை. கட்டுப்பாட்டுப் பலகை அதற்குப் பிறகு. மோட்டரை முதல் வாங்கிவிட்டு மற்றதை அதற்கு ஏற்றாற்போல் தேடினால் ஒரே சாமானை இரண்டு தரம் வாங்க வேண்டி வரும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய 2022க்குப் பிறகு அந்த விளையாட்டு கட்டுப்படியாகாது.

யாழ்ப்பாணத்தில் இந்த ஆசை பெரும்பாலும் மரவேலைப் பட்டறைகளில் முளைக்கிறது. கதவுப் பலகையில் பூவேலை, சாமியறைக் கதவு, பெயர்ப்பலகை, பெரிய செதுக்கலுக்கு முதல் வெட்டு. நகைப் பட்டறைக்கு அச்சு வெட்டவும் சர்க்கிட் போர்ட் வெட்டவும் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 300 க்கு 180 மிமீ அளவில் பொதியாக வரும் சின்ன இயந்திரமே காணும். அதில் நீமா 17 மோட்டரும் தீப்பெட்டியை விடச் சிறிய டிரைவரும் இருக்கும், தெரிவு செய்ய அதிகம் இல்லை. ஆகவே இங்கே பேசப் போவது மரக்காரர்களுக்கு. 600 க்கு 900 மிமீ மேசை, முதிரை, தேக்கு, வேம்பு, எம்டிஎஃப். இடையில் எப்படியும் ஒரு அண்ணை வந்து "தம்பி, உது பனையை வெட்டுமோ?" என்று கேட்பார். வெட்டும் அண்ணை, கட்டர்தான் கெதியாக மழுங்கும். மோட்டருக்கு அதில் பெரிய கஷ்டம் இல்லை, ஏனென்று கீழே வரும்.

பல்ஸ் போகிறது, மோட்டர் திரும்புகிறது

கட்டர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கட்டளை வரிகளுக்கு ஜி-கோட் என்று பெயர். கணினியிலிருந்து வரும் அந்த ஜி-கோடை கட்டுப்பாட்டுப் பலகை வாசித்து, இந்த அச்சுக்கு இத்தனை பல்ஸ் (மின் துடிப்பு) என்று அனுப்புகிறது. டிரைவர் ஒவ்வொரு பல்ஸுக்கும் மோட்டர் சுருள்களில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு படி மாற்றுகிறது. மோட்டர் ஒரு படி திரும்புகிறது. வழமையான ஸ்டெப்பர் மோட்டருக்கு ஒரு படி 1.8 பாகை, 200 படிக்கு ஒரு முழுச் சுற்று. மோட்டரின் முனையில் இருக்கும் ஸ்க்ரூ அந்தச் சுற்றை நேர்கோட்டு நகர்வாக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மோட்டர் உண்மையாகவே திரும்பியதா என்று யாருமே பார்ப்பதில்லை என்பது. பல்ஸ் போனது, ஆகவே திரும்பியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் முழு இயந்திரமும் ஓடுகிறது. கட்டர் ஒரு முடிச்சில் சிக்கி மோட்டர் பின்தங்கினால் அது ஒரு படியாகப் பின்தங்காது, நாலு நாலு படியாகத்தான் நழுவும். நாலு படி என்றால் 7.2 பாகை. ஒரு சுற்றுக்கு 10 மிமீ நகரும் ஸ்க்ரூவில் அது 0.2 மிமீ. ஒரு தரம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. பத்துத் தரம் நடந்தால் பூவின் இதழ் பக்கத்து இதழுக்கு மேல் ஏறிவிடும். மோட்டர், டிரைவர் தெரிவு எல்லாமே கடைசியில் இந்த நழுவல் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

நீமாவுக்குப் பின்னால் வரும் எண் வலிமையைச் சொல்வதில்லை. மோட்டர் முகத்தின் அகலத்தை அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கில் சொல்கிறது. 17 என்றால் சுமார் 42 மிமீ, 23 என்றால் 57, 34 என்றால் 86. நீமா 23 முகத்திலேயே 56 மிமீ நீளமான மோட்டர் 1.2 நியூட்டன் மீட்டர் அளவிலும், 76 மிமீ நீளமானது 1.9 அளவிலும், 112 மிமீ நீளமானது 3 அளவிலும் கிடைக்கும். "23 வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்.

லேபலில் 3 வோல்ட், கொடுப்பது 36 வோல்ட்

அந்த நியூட்டன் மீட்டர் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. அது மோட்டர் நிற்கும்போது பிடித்து வைத்திருக்கும் முறுக்குவிசை. ஓடத் தொடங்கினால் குறையும், வேகம் கூடக் கூட இன்னும் குறையும். ஏன் குறைகிறது என்று விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. சுற்றுகிற மோட்டர் எதுவும் டைனமோவும்தான் என்று இங்கே நீட்டி விளக்கத் தேவையில்லை. பழைய போட்டோகொப்பி இயந்திரத்திலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் ஒன்று கையில் இருந்தால் பாருங்கள். நாலு வயரில் ஏதாவது இரண்டின் நுனியைச் சேர்த்து முறுக்கிவிட்டு, அச்சை விரலால் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் அவை இரண்டும் வேறு வேறு சுருள்கள். விரலுக்கு எதிராக இறுகிக் கடகடவென்று தடுத்தால் ஒரே சுருளின் இரண்டு முனைகள் அகப்பட்டுவிட்டன. நீங்கள் திருப்புவதால் பிறக்கும் மின்சாரம் அந்தச் சுருளுக்குள்ளேயே ஓடி உங்களையே தடுக்கிறது. மீட்டர் இல்லாமல் சோடி பிரிக்கவும் இதுதான் வழி.

இயந்திரத்தில் ஓடும்போதும் இதே டைனமோ வேலை செய்கிறது. மோட்டர் வேகமாகச் சுற்றச் சுற்ற, உள்ளே வரும் மின்னழுத்தத்துக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. இன்னொன்றும் சேர்கிறது. சுருளில் மின்னோட்டம் சுவிட்ச் போட்டதும் முழுதாக ஏறாது, ஏற நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தின் அளவைத்தான் மோட்டர் தரவுத்தாளில் மில்லிஹென்றியில் கொடுக்கிறார்கள்.

ஒரு கணக்கு. 3.6 மில்லிஹென்றி சுருள், 3 அம்பியர் மோட்டர், நிமிடத்துக்கு 600 சுற்று. அதாவது நொடிக்கு 2,000 படி, ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் 0.5 மில்லிநொடி. 24 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் 3 அம்பியருக்கு ஏற 0.45 மில்லிநொடி ஆகும். இது அந்த டைனமோ எதிர்ப்பைச் சேர்க்காத கணக்கு. சேர்த்தால் ஏறி முடியுமுன் அடுத்த படி வந்துவிடும், மோட்டர் அரைவயிற்றோடு ஓடும். அதே மோட்டருக்கு 36 வோல்ட் கொடுத்தால் 0.3 மில்லிநொடி, 48 வோல்ட் என்றால் 0.23 மில்லிநொடிக்குள் வந்துவிடும். வேகத்தில் பலம் வேண்டுமென்றால் மோட்டரைப் பெரிதாக்குவதை விட வோல்டைக் கூட்டுவது மலிவு.

இங்கேதான் புதியவர்கள் பயப்படுவார்கள். மோட்டர் லேபலில் 3 வோல்ட் சொச்சம் என்று இருக்கும், நாங்கள் 36 கொடுக்கச் சொல்கிறோம், எரியாதா? எரியாது. லேபலில் இருப்பது, மோட்டர் நிற்கும்போது 2.8 அம்பியரோ 3 அம்பியரோ ஓட எவ்வளவு வோல்ட் வேண்டும் என்ற எண் மட்டும்தான். இன்றைய டிரைவர்கள் நொடிக்குப் பல ஆயிரம் தரம் வெட்டி வெட்டிக் கொடுத்து, மின்னோட்டம் நாங்கள் வைத்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். அதற்காக எல்லையில்லாமல் கூட்டவும் கூடாது. ஸ்டெப்பர் டிரைவர் செய்பவர்களிடையே பழகிப்போன ஒரு விதி இருக்கிறது: மில்லிஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்கினால் வருவது உச்ச வோல்ட். 3.6 க்கு அது ஏறத்தாழ 60. அதற்கு மேல் போனால் மோட்டர் வீணாகச் சூடேறும். 36 இல் ஓட்டினால் ஒரு கவலையும் இல்லை.

மோட்டர் வாங்கும்போது, ஒரே முறுக்குவிசையில் இரண்டு இருந்தால் மில்லிஹென்றி குறைந்ததை எடுங்கள். கடைக்காரருக்கு அந்த எண் தெரியாவிட்டால் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்து தரவுத்தாளைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்கலாம். தரவுத்தாளே இல்லாத மோட்டரை நான் வாங்கமாட்டேன்.

பெரிய மோட்டர் மெதுவாகப் போகும்

இப்போது எவ்வளவு முறுக்குவிசை தேவை என்று பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகரும் பால் ஸ்க்ரூவை (உள்ளே குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) 1 நியூட்டன் மீட்டரில் திருப்பினால், உராய்வு இழப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சுமார் 1,100 நியூட்டன் தள்ளுவிசை கிடைக்கும். இரண்டு சிமெந்து மூட்டையின் பாரத்துக்கு மேல். 6 மிமீ கட்டரால் மரம் வெட்ட அதில் ஒரு சிறு பங்குதான் வேண்டும். முதிரையானாலும் பனையானாலும் அவ்வளவு விசை வருமுன் கட்டர் முறிந்துவிடும். ஆகவே மரத்துக்கு பலம் ஒரு பிரச்சினையே இல்லை. தட்டுப்படுவது வேகம்.

நிமிடத்துக்கு 3,000 மிமீ வேகத்தில் மரம் வெட்ட 5 மிமீ ஸ்க்ரூ 600 சுற்றுச் சுற்ற வேண்டும். 10 மிமீ ஸ்க்ரூ 300 சுற்றுச் சுற்றினால் காணும். தள்ளுவிசை பாதியாகும், ஆனால் பாதியே தாராளம். மோட்டரோ தனக்கு வசதியான வேகத்தில் ஓடும். அதனால் மேசையின் இரண்டு நீள அச்சுகளுக்கும் 10 மிமீ ஸ்க்ரூவும், மேலே கீழே போகும் அச்சுக்கு 5 மிமீ ஸ்க்ரூவும் என்று வைத்தால் 1.9 நியூட்டன் மீட்டர் நீமா 23 எல்லாவற்றுக்கும் போதும்.

நீமா 34 ஏன் வேண்டாம்? அதன் ரோட்டர் கனம், அதை முடுக்கவே பலத்தில் ஒரு பகுதி போய்விடும். சுருளின் மில்லிஹென்றியும் பெரும்பாலும் கூட. அதை ஒழுங்காக ஓட்ட 60, 80 வோல்ட் டிரைவர் வேண்டும். அது இல்லாமல் கையில் இருக்கும் 36 வோல்டில் மாட்டினால் சின்ன மோட்டரை விட மெதுவாகத்தான் ஓடும். இரும்பு வெட்டும் கனமான மில்லிங் இயந்திரத்துக்கு அது சரி. கதவுப் பலகைக்கு அது வீண் செலவு.

என்கோடர் பூட்டிய ஸ்டெப்பர் இன்னொரு வழி. அதன் டிரைவர் மோட்டர் எங்கே நிற்கிறது என்று தானே பார்த்து, பின்தங்கினால் ஈடுசெய்யும், ஏலாவிட்டால் அலாரம் கொடுக்கும். அந்த அலாரம் வயரைக் கட்டுப்பாட்டுப் பலகையில் கொடுத்து இயந்திரம் நிற்கும்படி செய்தால் மட்டுமே முழுப் பயன். ஒரு பலகை மரம் விலை கூடியதாக இருந்து, வேலை மணிக்கணக்கில் ஓடுமென்றால் அந்த மேலதிகச் செலவைக் கொடுக்கலாம். முதல் இயந்திரத்துக்கு அவசியமில்லை. சர்வோ மோட்டர் அதற்கும் மேலே. இப்போதைக்கு விடுங்கள்.

டிரைவரில் பார்க்க வேண்டியவை

ஏ4988, டிஆர்வி8825 போன்ற குட்டி டிரைவர்கள் நீமா 17க்கு உரியவை. விசிறி இல்லாமல் ஒரு அம்பியர் சொச்சம் கொடுக்கும். அதில் 3 அம்பியர் மோட்டரை மாட்டினால் வைகாசி வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள் அது அரைமணி நேரம் நின்றாலே பெரிது.

அடுத்தது டிபி6600 என்ற பெயரில் மலிவாக வரும் பெட்டி. வெளியில் 42 வோல்ட், 4 அம்பியர் என்று அச்சடித்திருக்கும். பல பெட்டிகளைத் திறந்தால் உள்ளே வேறு சில்லு இருக்கிறது, அது ஒன்றும் மோசமில்லை, ஆனால் அச்சடித்த எல்லை வரை கொண்டுபோக வேண்டாம். 24 வோல்டில் 2.5 அம்பியர் அளவில் ஓட்டினால் நன்றாகவே உழைக்கும்.

நீமா 23க்கு நான் சொல்வது டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவர். 20 முதல் 50 வோல்ட் வரை வாங்கும், 4.2 அம்பியர் உச்சம் கொடுக்கும். நடுவேகத்தில் ஸ்டெப்பர் உறுமி நடுங்கும் ஒரு இடம் உண்டு. நழுவல் அதிகம் நடப்பதும் அங்கேதான். டிஜிட்டல் டிரைவர் அதை அடக்கிவிடும். இரண்டு வகையையும் ஒரே மோட்டரில் மாற்றி மாற்றி மாட்டினால் வித்தியாசம் காதுக்கே கேட்கும்.

டிரைவரின் பக்கத்தில் எட்டுக் குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். முதல் மூன்று மின்னோட்டத்துக்கு. இங்கே ஒன்றை வடிவாகக் கவனியுங்கள்: டிரைவரில் எழுதியிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு, மோட்டர் லேபலில் இருப்பது பயன்படு அளவு. உச்சத்தை 1.4 ஆல் பிரித்தால் மற்றது வரும். 4.2 உச்சம் என்பது மோட்டரின் 3 அம்பியர். நாலாவது சுவிட்ச், மோட்டர் நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கும். அதைப் பாதியிலேயே விடுங்கள், சூடு குறையும். ஸ்டெப்பர் கைவைக்க ஏலாத அளவு சூடாவது சாதாரணம், பயப்பட வேண்டாம்.

கடைசி நாலும் மைக்ரோஸ்டெப். ஒரு படியை 8 ஆக, 16 ஆக, 32 ஆகப் பிரிப்பது. எண் கூடினால் துல்லியமும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு படியை 8 ஆகப் பிரித்தால், ஒரு துண்டுக்கு மோட்டர் எதிர்த்து நிற்கும் பலம் முழுப்பலத்தில் 20 வீதம்தான். 16 ஆக்கினால் 10 வீதம். உராய்வு அதை விழுங்கிவிட்டால் மோட்டர் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துத்தான் அசையும். மைக்ரோஸ்டெப் மென்மையாக, சத்தமில்லாமல் ஓடத்தான். 8 போதும், ஆசைக்கு 16.

டிரைவரில் பவர் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றவே கூடாது. சுருளில் ஓடிய மின்னோட்டம் போக வழியில்லாமல் டிரைவரைக் கொன்றுவிடும். லூசான கனெக்டரும் அதே வேலையைச் செய்யும். எங்கள் உப்புக் காற்றில் மலிவான கனெக்டர் ஒரு வருடத்தில் பச்சை பிடிக்கும், ஆகவே பூட்டு வைத்த, மூடிய கனெக்டரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பவர் சப்ளை

நாலு மோட்டர் (ஒரு நீள அச்சுக்கு இரண்டு, ஏனென்று கீழே வரும்), ஒவ்வொன்றும் 3 அம்பியர் என்றால் 12 அம்பியர் சப்ளை வேண்டும் என்று தோன்றும். தேவையில்லை. வெட்டிக் கொடுக்கும் டிரைவர் சப்ளையிலிருந்து இழுப்பது மோட்டரில் ஓடுவதை விடக் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்தால் பாதுகாப்பான கணக்கு. 8 அம்பியர், 36 வோல்ட். கடையில் 36 வோல்ட் 10 அம்பியர் என்று கேளுங்கள்.

துளைத்தகரப் பெட்டியில் வரும் சப்ளைகளின் பக்கத்தில் 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். பிளக் குத்துமுன் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115இல் இருந்தால் "டப்" என்ற ஒரு சத்தம், பிறகு புகை.

இன்னொரு வழி எங்கள் ஊருக்குப் பொருத்தமானது. தோட்டக் கிணறுகளுக்குப் பம்பு இருக்கும் இடமெல்லாம் மோட்டர் வயர் சுற்றும் கடை ஒன்று இருக்கும். 230க்கு 26 வோல்ட், 300 வாட்டுக்கு மேல் தாங்கும் டிரான்ஸ்ஃபோர்மர் ஒன்றைச் சுற்றித் தரச் சொல்லலாம். மாறுமின்னோட்டத்தை நேராக்கும் பிரிட்ஜும் பெரிய கப்பாசிட்டரும் சேர்த்தால் சுமார் 35 வோல்ட் நேர்மின்னோட்டம். மோட்டர் சட்டென்று நிற்கும்போது டைனமோவாகித் திருப்பி அனுப்பும் சக்தியை இது கோபப்படாமல் விழுங்கிக்கொள்ளும். சுவிட்சிங் சப்ளை சில நேரம் அதைப் பிழையென்று எண்ணி அணைந்துவிடும். ஆனால் இதில் வீட்டு மின்சாரம் 230இலிருந்து 250க்கு ஏறினால் உள்ளே வரும் வோல்டும் அதே விகிதத்தில் ஏறும். 50 வோல்ட் டிரைவருக்கு 48 வோல்ட் கொடுக்காமல் 36 அளவில் நிற்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்தக் கட்டுப்பாட்டுப் பலகை?

மலிவானது, எல்லோரும் தொடங்குவது ஜிஆர்பிஎல். ஆர்டுவினோ ஊனோ பலகையில் ஏற்றும் இலவச மென்பொருள் அது. 16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் எட்டுபிட் சில்லுக்குள் மூன்று அச்சுகளையும் முடுக்கி, வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, எல்லாம் செய்துவிடுகிறது. அதன் எல்லை நொடிக்கு 30,000 பல்ஸ். நமக்குக் காணுமா? 200 படி, 8 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ். 10 மிமீ ஸ்க்ரூவில் ஒரு மிமீக்கு 160. நிமிடத்துக்கு 3,000 மிமீ என்றால் நொடிக்கு 50 மிமீ, ஆக 8,000 பல்ஸ். தாராளம். இதையே 5 மிமீ ஸ்க்ரூவும் 32 மைக்ரோஸ்டெப்பும் என்று வைத்தால் 64,000 ஆகிவிடும், ஊனோ மூச்சு வாங்கும். அந்த 160 என்ற எண்ணைத்தான் ஜிஆர்பிஎல்லில் $100, $101 என்ற இடங்களில் எழுதுவது.

ஆனால் 900 மிமீ நீளத்தில் பாலம் (கட்டரைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் சட்டம்) ஓடும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டர் வேண்டும். ஊனோவில் வழமையாக இரண்டும் ஒரே பல்ஸை வாங்கும். பவர் இல்லாத நேரம் பாலத்தை யாரோ ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அது கோணலாகவே ஓடும், கதவும் கோணலாக வரும். ஆகவே இந்த அளவுக்கு ஈஎஸ்பி32 சில்லில் ஓடும் ஃப்ளூயிட்என்சி, அல்லது 32பிட் பலகைகளில் ஓடும் ஜிஆர்பிஎல்ஹால் என்ற மென்பொருள் நல்லது. இரண்டு பக்கமும் எல்லையில் தட்டுப்படும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச் வைத்தால், இயந்திரம் அந்தச் சுவிட்சுகளைத் தேடிப்போய்த் தன் மூலையை அறியும் ஹோமிங் வேலையைச் செய்யும்போதே பாலத்தை நிமிர்த்திவிடும். ஒரு கவனம்: ஈஎஸ்பி32 கொடுப்பது 3.3 வோல்ட் சிக்னல், டிஎம்542 எதிர்பார்ப்பது 5 வோல்ட். நடுவில் வோல்டை ஏற்றும் சில்லு உள்ள பலகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.

பட்டறையில் சும்மா கிடக்கும் கணினியைப் பயன்படுத்த நினைத்தால் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் பிறந்து, இப்போது உலகம் முழுக்க இலவசமாக ஓடுவது. படிக்க நேரம் எடுக்கும், பிறகு எல்லையே இல்லை. பெரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் போர்ட்) ஓடும் மாக்3 மென்பொருள் பழைய தெரிவு, 32பிட் விண்டோஸ் கணினி தேடிப் பிடிக்க வேண்டும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். கணினியே வேண்டாம், யூஎஸ்பி குச்சியைக் குத்தி வெட்டினால் போதும் என்கிற பட்டறைக்காரருக்குக் கையில் பிடிக்கும் டிஎஸ்பி கட்டுப்படுத்தி ஏற்றது. விலை கூட, ஆனால் தூசிக்குள் மடிக்கணினி வைக்கத் தேவையில்லை.

மின்சாரம் போனால்

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. இங்கே இயந்திரம் கட்டுகிறவர் மின்வெட்டை முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் மனதில் வருவது, கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கணினிக்கும் யூபிஎஸ் வைப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். மோட்டர் செத்துக் கிடக்க, பலகை உயிரோடு இருந்து பல்ஸை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் கணக்கில் கட்டர் பூவின் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்கும், உண்மையில் அசைந்திருக்காது. மின்சாரம் வந்ததும் பிழையான இடத்திலிருந்து தொடரும். எல்லாம் ஒன்றாக அணைவது மேல்.

லிமிட் சுவிட்சும் ஹோமிங்கும் வைத்திருந்தால் மீட்பு சுலபம். மின்சாரம் வந்ததும் கையால் கட்டரை மரத்திலிருந்து உயர்த்தி, ஹோமிங் செய்தால் இயந்திரம் தன் மூலையைத் தெரிந்துகொள்ளும். வேலையின் தொடக்கப் புள்ளியைக் கட்டுப்பாட்டுப் பலகை தன் நினைவில் வைத்திருக்கும். ஜி-கோட் அனுப்பும் மென்பொருள்கள் பலவற்றில் இந்த வரியிலிருந்து தொடங்கு என்று ஒரு வசதி உண்டு. போன இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள வரியிலிருந்து தொடங்குங்கள். சில டிஎஸ்பி கட்டுப்படுத்திகள் இந்த இடத்தைத் தாமே எழுதி வைத்துக்கொள்கின்றன. ஹோமிங் இல்லாத இயந்திரத்தில் மின்சாரம் போனால் அந்த மரப்பலகை விறகுக்குத்தான்.

இன்னொன்று. பால் ஸ்க்ரூவுக்கு உராய்வு குறைவு, மோட்டரில் பவர் போனதும் கட்டரைச் சுழற்றும் கனமான ஸ்பின்டில் தன் பாரத்திலேயே மெல்ல இறங்கும். கீழே மரமும் கட்டரும் இருக்கும். மேல் அச்சுக்கு ஒரு ஸ்பிரிங் அல்லது எதிர்ப்பாரம் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கும் மோட்டரை ஜிஆர்பிஎல் அணைத்துவிடாமலிருக்க $1 ஐ 255 ஆக்கிவிடுங்கள்.

ஏர்த், இரைச்சல், சிவப்பு பொத்தான்

"நடு வேலையில் தானாக நின்றுவிட்டது" என்று சொல்கிறவர்களில் அதிகம் பேருக்குக் காரணம் மோட்டரோ பலகையோ இல்லை, மின் இரைச்சல். ஸ்பின்டிலை ஓட்டி அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டி பெரிய இரைச்சல்காரன். அது யூஎஸ்பி கேபிளில் புகுந்து இணைப்பை அறுக்கும், லிமிட் சுவிட்ச் வயரில் புகுந்து தட்டாத சுவிட்சைத் தட்டியதாகக் காட்டும். ஸ்பின்டிலுக்கு உலோக வலை சுற்றிய கேபிள் போடுங்கள், அதைச் சிக்னல் வயர்களோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள். யூஎஸ்பி கேபிளைக் குட்டையாக்குங்கள். இயந்திரச் சட்டம், ஸ்பின்டில், விஎஃப்டி, சப்ளை எல்லாவற்றின் ஏர்த் வயரும் ஒரே ஒரு போல்ட்டில் வந்து சேரட்டும். அந்த போல்ட்டிலிருந்து பிளக்கின் ஏர்த் முள்ளுக்கு, அங்கிருந்து உண்மையாகவே மண்ணுக்கு. பழைய வீடுகளில் ஏர்த் கம்பி எங்கேயோ அறுந்து கிடக்கும், மின்சாரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அளந்து பாருங்கள். விஎஃப்டி போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் பதற வேண்டாம். அதன் இரைச்சல் வடிகட்டி ஏர்த்துக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தைக் கசியவிடும், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதற்கே விழும். அதற்காக ஏர்த்தைக் கழற்றிவிடும் வேலையை மட்டும் செய்ய வேண்டாம். விஎஃப்டிக்கு ஏற்ற ட்ரிப் சுவிட்சோடு தனிச் சர்க்கிட் இழுப்பதுதான் வழி.

லிமிட் சுவிட்சை, தட்டாத நேரம் மூடியிருக்கும் வகையாக இணையுங்கள். வயரை எலி கடித்தாலும் இயந்திரம் நிற்கும். அவசரத்துக்கு அமுக்கும் சிவப்புக் காளான் பொத்தான், பலகைக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்கக் கூடாது. ஒரு கொன்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) வழியாக ஸ்பின்டிலின் பவரையும் மோட்டர்களின் பவரையும் வெட்ட வேண்டும்.

சாமான் எல்லாம் வந்ததும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியிருந்தாலும் சீனப் பொதியாக வந்திருந்தாலும், நேரே இயந்திரத்தில் பூட்டாதீர்கள். முதலில் மேசையில் பரப்பி இணையுங்கள். மோட்டர் அச்சில் மாஸ்கிங் டேப்பால் ஒரு சின்னக் கொடி ஒட்டி, அது நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 500 மிமீ போய்த் திரும்பும் கட்டளையை ஐம்பது தரம் எழுதி ஓடவிடுங்கள். கொடி அதே கோட்டில் வந்து நின்றால் ஜிஆர்பிஎல்லின் $110இல் உள்ள வேகத்தைக் கூட்டி, $120இல் உள்ள முடுக்கத்தைக் கூட்டித் திரும்ப ஓடவிடுங்கள். கொடி கோட்டை விட்டு விலகும் எண் எதுவோ, அதில் பாதியை எழுதி வைத்துக்கொண்டு ஸ்க்ரூவில் பூட்டுங்கள். பாரத்தோடு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம்.